வாசலில் நின்ற மனிதன்: ஒரு பழைய நாவல் கேட்ட கேள்வி



ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நம்மில் பெரும்பாலோர் எங்கே இருப்போம்? தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால்தான். கதாநாயகி கதவைத் திறக்கிறாள். வாசலில் நிற்பது யார் என்று காட்டுவதற்குள் 'தொடரும்' என்ற எழுத்து திரையில் விழுந்துவிடும். மறுவாரம் வரை அந்தக் கதவு நம் மனத்தில் திறந்தே கிடக்கும். தொலைக்காட்சியில் வேலை செய்கிறவள் என்ற முறையில் 'தொடரும்' என்ற சொல்லின் வலிமை எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

அதே வலிமையை நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு போதகர் தம் தேவாலயத்தில் பயன்படுத்தினார். அதிலிருந்து ஒரு நாவல் பிறந்தது. அந்த நாவல் எழுப்பிய கேள்வி இன்றும் உலகைச் சுற்றிக் கொண்டிருக்கிறது. "பழைய பாணிக் கிறிஸ்துவ நாவல் ஒன்று இந்தக் காலத்து மனிதரின் ஆன்மிக வளர்ச்சிக்கு உதவுமா?" என்று எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் கேட்டபோது, அந்த நாவலைத்தான் நான் பதிலாக எடுத்துக் கொண்டேன். அன்று பேசியதைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

ஞாயிறு இரவுத் தொடர்கதை

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கான்சஸ் மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் டொப்பிக்கா. 1889-ஆம் ஆண்டில் அங்கே புதிதாகத் தொடங்கப்பட்ட சென்ட்ரல் காங்கிரிகேஷனல் தேவாலயத்துக்குப் போதகராக வந்தார் சார்ல்ஸ் ஷெல்டன். அவர் 1857-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர்.

காலை ஆராதனைக்குக் கூட்டம் வந்தது. ஞாயிறு மாலை ஆராதனைக்கோ இருக்கைகள் காலியாகவே கிடந்தன. இளைஞர்களை எப்படி வரவழைப்பது? ஷெல்டன் ஒரு வழி கண்டார். மாலைப் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, தாமே எழுதிய கதையை வாரம் ஓர் அத்தியாயமாக வாசிக்கத் தொடங்கினார். சுவையான இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். மீதி அடுத்த வாரம்! இது 1891-இல் தொடங்கியது. சில காலத்திலேயே தேவாலயம் நிறைந்து வழிந்தது.

1896-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் வாசிக்கத் தொடங்கிய கதைதான் 'இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்'. தமிழில் 'அவருடைய அடிச்சுவட்டில்' என்று சொல்லலாம்.

கதை என்ன?

ரேமண்ட் என்பது ஒரு கற்பனை நகரம். அங்கே வசதியானவர்கள் நிறைந்த தேவாலயம் ஒன்று. அதன் போதகர் ஹென்றி மேக்ஸ்வெல் வெள்ளிக்கிழமை காலை தம் பிரசங்கத்தை எழுதிக் கொண்டிருக்கிறார். இயேசுவின் அடிச்சுவட்டில் நடப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. அழைப்பு மணி ஒலிக்கிறது. வாசலில் அழுக்குடையில் ஓர் இளைஞன். வேலை தேடி அலைகிறான். யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி உதவ முடியுமா என்று கேட்கிறான். போதகருக்கு நேரமில்லை. மன்னிப்புக் கேட்டுக் கதவை மூடிவிட்டு, அடிச்சுவடுகளைப் பற்றி எழுத மீண்டும் மாடிக்குப் போய்விடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பிரமாதமாக முடிகிறது. அப்போது அதே இளைஞன் தேவாலயத்தின் நடுவே நடந்து வந்து பேசுகிறான். அவன் அச்சுத் தொழிலாளி. புதிய எழுத்துக் கோர்க்கும் இயந்திரம் வந்ததால் வேலை போனது. மனைவி நெரிசலான குடியிருப்பு ஒன்றில் இறந்துவிட்டாள். சின்ன மகள் வேறொருவர் வீட்டில் வளர்கிறாள். அவன் யாரையும் திட்டவில்லை. இயேசுவைப் பின்பற்றுவதாக நீங்கள் பாடுகிறீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்து கொள்ளத்தான் வந்தேன் என்கிறான். பேசிக் கொண்டிருக்கும்போதே மயங்கி விழுகிறான். போதகரின் வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை அவன் உயிர் பிரிந்துவிடுகிறது.

இதைப் படிக்கும்போது நம் பத்திரிகை உலகமும் நினைவுக்கு வருகிறது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோர்த்த கைகள் தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களிலும் இருந்தன. கணினி வந்ததும் அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. அவர்கள் எங்கே போனார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

கதைக்கு வருவோம். அந்த மரணம் போதகரை உலுக்கிவிடுகிறது. அவர் சபையின் முன் ஓர் உறுதிமொழியை வைக்கிறார். விருப்பம் உள்ளவர்கள் மட்டும் முன்வர வேண்டும். ஓராண்டு முழுவதும் எந்தக் காரியத்தைச் செய்யும் முன்பும் "இயேசு என்றால் என்ன செய்வார்?" என்று தன்னைத்தானே கேட்டுக் கொள்ள வேண்டும். கிடைக்கும் பதிலின்படி நடக்க வேண்டும், விளைவு எதுவானாலும் சரி. சுமார் ஐம்பது பேர் முன்வருகிறார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் நாவல்.

எழுதுவதற்கு முன் நடந்தார்

இந்தக் கதையை ஷெல்டன் நாற்காலியில் சாய்ந்தபடி கற்பனை செய்து எழுதிவிடவில்லை. டொப்பிக்காவுக்கு வந்த புதிதில், பழைய உடையை அணிந்து கொண்டு வேலை இல்லாத மனிதராக நகரத்தைச் சுற்றினார். கடை கடையாக ஏறி இறங்கி வேலை கேட்டார். ஏறக்குறைய எல்லா இடத்திலும் 'இல்லை' என்ற பதில்தான். தேவாலயத்தில் தம்மைப் 'போதகர் ஐயா' என்று மதித்தவர்களின் ஊரில், அழுக்குச் சட்டைக்கு என்ன மரியாதை என்பதை அவர் அனுபவித்துத் தெரிந்து கொண்டார்.

அதன் பிறகு நகரத்தின் பல தரப்பு மக்களோடு நாள்களைக் கழித்தார். டிராம் ஓட்டுநர்கள், ரயில்வே தொழிலாளர்கள், மாணவர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள் என்று பட்டியல் நீண்டது. தேவாலயத்துக்கு அருகிலேயே 'டென்னஸி டவுன்' என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருந்தது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1865-இல். அதன் பிறகும் தென் மாநிலங்களில் நீடித்த கொடுமை தாங்காமல், 1879-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கான்சஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இங்கே தங்கினார்கள். ஷெல்டன் அங்கே மூன்று வாரம் செலவிட்டார். 1893-இல் அவருடைய தேவாலயத்தின் முயற்சியால் அந்தக் குடியிருப்பில் கறுப்பினக் குழந்தைகளுக்கான பாலர் பள்ளி திறக்கப்பட்டது. இந்தப் பாலர் பள்ளியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பிறகு இங்கேதான் திரும்பி வரப் போகிறோம்.

உரிமையை இழந்த புத்தகம்

நாவல் சிக்காகோவில் இருந்து வெளிவந்த 'அட்வான்ஸ்' என்ற கிறிஸ்துவ வார இதழில் தொடராக வந்தது. 1897-இல் புத்தகமானது. பத்து சென்ட் விலையில் மலிவுப் பதிப்பு. ஆனால் தொடராக வந்தபோது பதிப்புரிமைக்கான முறைகளைச் சரியாகச் செய்யவில்லை. அதனால் உரிமையே செல்லாமல் போனது. செய்தி தெரிந்ததும் அமெரிக்காவிலும் வெளிநாடுகளிலும் பல பதிப்பகங்கள் போட்டி போட்டு அச்சிட்டன. எழுதியவருக்கு அதில் கிடைத்தது மிகச் சொற்பம்.

எத்தனை பிரதிகள் விற்றன என்பதில் ஷெல்டன் சொன்ன கணக்கையே பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகித்திருக்கிறார்கள். ஆனால் பல மில்லியன் பிரதிகள், பல மொழிகள் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. பணத்தை இழந்தது எழுதியவர். ஆனால் அந்த இழப்பினால்தான் ஏழை வாசகனும் கூலித் தொழிலாளியும் வாங்கும் விலையில் புத்தகம் எங்கும் பரவியது. வேலை இழந்த அச்சுத் தொழிலாளியைப் பற்றிய புத்தகம் உலகமெங்கும் அச்சகங்களுக்கு வேலை கொடுத்தது என்பதும் விந்தைதான்.

ஒரு வாரம் பத்திரிகை ஆசிரியர்

நாவலில் எட்வர்ட் நார்மன் என்ற பத்திரிகை ஆசிரியர் வருகிறார். உறுதிமொழி எடுத்த மறுநாளே அவருக்குச் சோதனை. குத்துச்சண்டைப் போட்டியின் விரிவான செய்தி மேசைக்கு வருகிறது. ஊரே அதற்காகக் காத்திருக்கிறது. அவர் அதைப் போட மறுக்கிறார். அன்று மாலைப் பத்திரிகை விற்காமல், விற்கும் பையன்கள் கட்டுக் கட்டாகத் திருப்பிக் கொண்டு வருகிறார்கள்.

"கதையில் எல்லாம் நடக்கும், உண்மையில் நடக்குமா?" என்று பலர் கேட்டார்கள். 1900-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதற்குச் சோதனை வந்தது. 'டொப்பிக்கா டெய்லி கேப்பிட்டல்' என்ற நாளிதழை ஒரு வாரத்துக்கு, இயேசு நடத்தினால் எப்படி நடத்துவாரோ அப்படி நடத்தித் தாருங்கள் என்று அதன் உரிமையாளர் ஷெல்டனிடம் ஒப்படைத்தார். வழக்கமாகப் பன்னிரண்டாயிரம் அளவில் விற்ற நாளிதழ், அந்த வாரம் மூன்று லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டியது.

மதுபான விளம்பரம், புகையிலை விளம்பரம், நம்ப முடியாத மருந்து விளம்பரம் எல்லாம் நிறுத்தப்பட்டன. குற்றச் செய்திகள் சுருங்கின. ஞாயிறு பதிப்பு வேண்டாம் என்று சனிக்கிழமை மாலையே ஒரு பதிப்பு கொண்டு வந்தார். முதல் இதழின் முதல் பக்கத்தில் எந்தச் செய்தி முக்கிய இடத்தைப் பிடித்தது தெரியுமா? இந்தியாவின் பஞ்சம்! 1899-1900 பஞ்சத்தில் மேற்கு இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் லட்சக்கணக்கானோர் மடிந்து கொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்கு உதவும்படி ஷெல்டன் வாசகர்களைக் கேட்டார். பணம் குவிந்தது. கான்சஸ் விவசாயிகள் கொடுத்த சோளம் கப்பலேறி பம்பாய்க்குப் போனது. எங்கோ ஒரு சிறு நகரத்துப் பத்திரிகை, முகம் தெரியாத நம் மக்களின் பசியை முதல் பக்கத்தில் வைத்தது என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம்.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். இது பத்திரிகையா பிரசங்கமா என்று மற்ற ஏடுகள் கேலி செய்தன. விற்பனையில் பெரும்பகுதி வேடிக்கை பார்க்கும் ஆர்வத்தால் வந்தது. ஒரு வாரம் முடிந்ததும் ஏடு பழைய பாதைக்குத் திரும்பிவிட்டது.

குறைகளும் உண்டு

பழைய நாவல் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக் கொள்ள வேண்டியதில்லை. கருத்துக்களத்தில் ஒரு நேயர் சரியாகவே கேட்டார்: "இது பணக்காரர்கள் கீழே இறங்கி வந்து ஏழைக்கு உதவும் கதைதானே?" உண்மைதான். நார்மனின் பத்திரிகை நட்டத்தில் மூழ்கும்போது, செல்வச் சீமாட்டி ஒருத்தி பெரும் தொகையைக் கொடுத்துக் காப்பாற்றுகிறாள். நம் வீட்டில் அப்படி யார் வருவார்? ஏழைகளின் துன்பத்துக்கு மதுக்கடைதான் பெரிய காரணம் என்பதுபோல் கதை போகிறது. கூலி குறைவு, வாடகை அதிகம் போன்றவை பின்னால் தள்ளப்படுகின்றன. கண்ணீர்க் காட்சிகள் கொஞ்சம் அதிகம். இன்றைய வாசகருக்கு நடை மெதுவாகத் தெரியும்.

அப்படியானால் ஏன் படிக்க வேண்டும்? நான் கண்ட மூன்று காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, இந்த நாவல் நல்ல எண்ணத்துக்கு ஒரு விலைச்சீட்டை ஒட்டுகிறது. ரயில்வே பணிமனையின் கண்காணிப்பாளர் அலெக்சாண்டர் பவர்ஸ், தம் நிறுவனம் சட்டத்தை மீறுவதற்கான ஆதாரத்தைத் தற்செயலாகக் காண்கிறார். கண்டும் காணாததுபோல் இருந்துவிடலாம். அவர் அதை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பதவி விலகுகிறார். பிறகு, பழையபடி சாதாரணத் தந்தி அலுவலர் வேலை. வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் தலைகுனிவு. இனிமையான குரல் கொண்ட ரேச்சல், புகழ் தரும் மேடையை மறுத்துவிட்டுச் சேரிப்பகுதியில் பாடப் போகிறாள். அவள் தாய்க்கே அது பிடிக்கவில்லை. ஆன்மிகம் என்றால் மன அமைதி மட்டுமே என்று நினைக்கிறவர்களுக்கு, அதனால் வீட்டில் சண்டையும் வரலாம் என்று இந்த நாவல் காட்டுகிறது.

இரண்டாவது, யாரும் யாருக்கும் பதில் சொல்லித் தருவதில்லை. ஒரே கேள்விக்கு ஆசிரியருக்கு ஒரு பதில், வியாபாரிக்கு ஒரு பதில், பாடகிக்கு ஒரு பதில். நாம் பொதுவாக இந்தக் கேள்வியை அடுத்தவருக்குத்தான் கேட்போம். "அவர் கோயிலுக்குப் போகிறாரே, இப்படிச் செய்யலாமா?" ஊருக்கு உபதேசம் செய்வதில் நாம் கெட்டிக்காரர்கள். நாவலின் விதி அதற்கு நேர்மாறானது. கேள்வி உனக்கு மட்டும். அதே நேரத்தில், உறுதிமொழி எடுத்தவர்கள் தொடர்ந்து ஒன்று கூடித் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்து கொள்கிறார்கள். தனியாக முடிவெடு, கூட்டத்தோடு நட என்பதுதான் அதன் வழி.

மூன்றாவது, தோற்றவனும் கதையில் இருக்கிறான். ஜாஸ்பர் சேஸ் ஓர் எழுத்தாளன். உறுதிமொழி எடுத்தவன்தான். பணமும் புகழும் வரும் என்று தெரிந்து, மனத்துக்குப் பொய் என்று பட்ட நாவலையே எழுதி முடிக்கிறான். இடி விழவில்லை, நோய் வரவில்லை. புத்தகம் விற்கிறது. ஆனால் அவன் ஏதோ ஒன்றை இழந்துவிட்டது அவனுக்கு மட்டும் தெரிகிறது. என்னைப் போன்றவர்களை ஷெல்டன் அந்த இடத்தில்தான் பிடித்துக் கொள்கிறார்.

கைவளையமும் பாலர் பள்ளியும்

1989-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து நகரில் ஒரு தேவாலய இளைஞர் குழு இந்த நாவலைப் படித்தது. கேள்வியை மறக்காமல் இருக்க, அதன் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைத் துணிக் கைவளையத்தில் நெய்து கட்டிக் கொண்டார்கள். 1990-களில் அந்த வளையம் மில்லியன் கணக்கில் விற்றது. விளையாட்டு வீரர்களும் பாடகர்களும் கட்டிக் கொண்டார்கள். நம் பேரங்காடிகளிலும் கண்டவர்கள் இருக்கலாம். வளையம் கட்டுவது சுலபம். கையில் இருப்பது மனத்துக்குப் போனதா என்பதுதான் கேள்வி.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன பாலர் பள்ளிக்கு வருவோம். அங்கே படித்த குழந்தைகளில் ஒருவர் எலிஷா ஸ்காட். ஷெல்டன் அவருக்கு உதவினார். ஸ்காட் சட்டம் படித்து, 1916-இல் பட்டம் பெற்று, டொப்பிக்காவில் புகழ்பெற்ற கறுப்பின வழக்கறிஞரானார். அவருடைய மகன்கள் ஜான் ஸ்காட்டும் சார்ல்ஸ் ஸ்காட்டும் தந்தையின் தொழிலையே தேர்ந்தெடுத்தார்கள். டொப்பிக்காவின் கறுப்பினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க உரிமை கோரித் தொடுத்த வழக்கில், உள்ளூர் வழக்கறிஞர்களாக நின்றவர்களில் இந்தச் சகோதரர்களும் உண்டு. அதுதான் 'பிரவுன்' வழக்கு. 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி, பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்.

ஷெல்டன் 1946-இலேயே காலமாகிவிட்டார். தீர்ப்பை அவர் பார்க்கவில்லை. அந்தத் தீர்ப்பு ஒரு போதகரால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது கறுப்பின மக்கள் பல ஆண்டு போராடிப் பெற்றது. ஆனால், 'இந்தத் தெருவில் நான் என்ன செய்ய வேண்டும்?' என்று ஒருவர் தம்மைக் கேட்டுக் கொண்டதில் ஒரு பள்ளி வந்தது. அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை படித்தது. அந்தப் பிள்ளையின் பிள்ளைகள் நீதி கேட்டு நின்றார்கள். முன்னூற்று அறுபதாயிரம் பிரதி விற்ற அந்த வாரத்தை உலகம் மறந்துவிட்டது. விளம்பரம் இல்லாத பாலர் பள்ளி வரலாற்றில் நின்றுவிட்டது.

என் வாசலில்

கடைசியாக, கருத்துக்களத்தில் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒன்றை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயைப் பேட்டி எடுக்கப் போனோம். அவர் நிதானமாகவே பேசினார். பேட்டி முடிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தேவையான காட்சி கிடைக்கவில்லை. "கடைசியாக மகன் உங்களிடம் என்னம்மா சொன்னான்?" என்று இன்னொரு கேள்வி கேட்டேன். அவர் உடைந்து அழுதார். கேமரா முகத்துக்கு நெருங்கியது. நிகழ்ச்சி ஒளியேறிய இரவு, எனக்குப் பாராட்டு அழைப்புகள் வந்து கொண்டே இருந்தன.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். அந்த நிகழ்ச்சியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மாலை, அட்டை கிழிந்த இந்த நாவலைக் கொண்டு வந்து கொடுத்தார். "நேரம் கிடைச்சா படிச்சுப் பாரும்மா" என்றார். அவ்வளவுதான். நார்மன் குத்துச்சண்டைச் செய்தியை ஒதுக்கி வைக்கும் பக்கத்துக்கு வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். மீண்டும் திறக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

படித்து முடித்த பிறகு அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"கேமரா எங்கம்மா?"

"கொண்டு வரலைங்கம்மா. உங்களைத்தான் பார்க்க வந்தேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக் கொண்டு நின்றார். பிறகு, "உள்ள வாங்க" என்றார். அன்று நான் கேட்ட மன்னிப்பை அவர் ஏற்றுக் கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. தேநீர் கொடுத்தார். மகனின் பள்ளிப் படத்தைக் காட்டினார். நான் எதுவும் கேட்கவில்லை.

இப்போதும் ஒளிப்பதிவில் அந்த 'இன்னொரு கேள்வி' நாக்கின் நுனிக்கு வரும். சில நாள் விழுங்கிவிடுகிறேன். சில நாள் தோற்றுப் போகிறேன். ஆனால் முன்புபோல் அது தானாக வந்து விழுவதில்லை. நடுவில் ஒரு கணம் நின்று யோசிக்கிறேன். ஒரு பழைய நாவல் எனக்குக் கொடுத்தது அந்த ஒரு கணத்தைத்தான்.

வாசகர்களில் கிறிஸ்துவர்கள் இந்த நாவலைத் தேடிப் படித்தால், தங்கள் வேதத்தின் பழக்கமான வரிகள் புதிதாகக் கேட்கும். மற்ற சமயத்தவர்கள் தாங்கள் வணங்கும் பெரியோரின் முன் அதே கேள்வியை வைத்துப் பார்க்கலாம். ஓராண்டு வேண்டாம், ஒரு வாரம் போதும். வாசலில் அழைப்பு மணி ஒலிக்கும்போது, நாம் எழுதிக் கொண்டிருக்கும் நல்ல பிரசங்கத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறப்போமா?